பதினொரு மில்லிமீட்டர்

டிசம்பர் பத்தொன்பது, டோசெஸ்டர் சாலையில் உறைபனி.
டோச்சிகியிலிருந்து வந்த மரப்பெட்டி
சவப்பெட்டியைவிடக் குட்டை,
நான்கு பேர் சுமந்தும் கனம்.

கனே ஷியோஸாகி கையுறையைக் கழற்றாமல்
மூடியின் திருகுகளை எண்ணினாள். முப்பத்திரண்டு.
உள்ளே வெள்ளித் தாள், அதற்குள் எண்ணெய்த் தாள்,
அதற்குள்
இந்த நாட்டில் இன்னும் ஒருமுறைகூட இருமாத எஞ்சின்.

இரு தேசங்களின் திருமணம் என்று
விளம்பரப் பிரிவு எழுதியிருந்தது.
பட்டறைக்குத் தெரிந்தது ஆறு போல்ட்.
ஆறும் அதனதன் துளையில் உட்கார்ந்தால் பொருத்தம்.
ஜாதகம் அவ்வளவுதான்.

ஆறும் உட்கார்ந்தன.
உட்காராதது மேலே, இடப்பக்கம், டர்போவின் முழங்கை.
வரைபடத்தில் இருந்ததைவிட
பதினொரு மில்லிமீட்டர் நிமிர்ந்து நின்றது,
வகுப்பில் ஒருவன் மட்டும் கை தூக்கியதுபோல.

நான் காற்றுப் பிரிவு.
அந்தக் காரின் இடுப்பை ஒன்பது மாதம் இழைத்தவன்.
சுரங்கத்தில் சிறிய மாதிரியை வைத்து
இரவிரவாய் ஊதி
உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே ஒடுக்கி
ஒரு சுற்றுக்கு நொடியின் நூறில் ஏழு பங்கு
சம்பாதித்து வைத்திருந்தேன்.
கஞ்சன் வீட்டு உண்டியல் அது.

"யார் வரைபடம் தப்பு?"
கியர்பாக்ஸ் பார்க்கும் க்வில்லிம் ப்ரோதரோ
கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனார்.
மூன்று மணி நேரம் அதை யாரும் தொடவில்லை.
கனேதான் எடுத்தாள்.
ஜூலையில் மாற்றினோம், அன்றே கடிதம் அனுப்பினோம்.
தேடினோம்.
கடிதம் இருந்தது,
ஜூனில் எதிரணிக்குப் போய்விட்ட ஒருவனின் பெயருக்கு.

எஞ்சின் வந்த பெட்டியின் அட்டையையே கிழித்து
கத்தரித்தேன், வளைத்தேன், நாடா ஒட்டினேன்.
இழைத்த இடுப்பில், இடப்பக்கம் மட்டும்,
கதவில் இடித்துக்கொண்ட நெற்றி மாதிரி
ஒரு புடைப்பு.
"அழகாகத்தான் இருக்கிறது, லிண்டன்," என்றார் ப்ரோதரோ.
அன்று அவரோடு பேசவில்லை.

அறிமுக விழா லண்டனில்.
திரை விலகி மேடையில் சுழன்றது
போன வருடத்து உடல், இந்த வருடத்து வண்ணம்.
வயிற்றில் எஞ்சின் கிடையாது.
கைதட்டல் நேரலையில் வந்துகொண்டிருந்தபோது
நாங்கள் பட்டறையின் பின்கதவைச் சாத்திவிட்டு
எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

இரவு இரண்டு நாற்பது.
இருமியது.
மறுபடி இருமியது.
பிறகு ப்ரோதரோவின் கோப்பை
மேசைமேல் தானாக நடந்து போய் விளிம்பில் நின்றது.
கனே கண்மூடிக் கேட்டாள்.
இசை கேட்கிற முகமில்லை அது,
கூட்டத்தில் ஒரு பொய்யனைத் தேடுகிற முகம்.
அகப்படவில்லை.
காதடைப்பானைக் கழற்றி, பசிக்கிறது என்றாள்.

பஹ்ரைன் சோதனை ஓட்டம்.
எதிரணிகள் அமர்த்திய படக்காரர்கள்
நீண்ட லென்ஸோடு வேலியில் தொற்றி நின்றார்கள்.
எல்லா லென்ஸும் எங்கள் இடப்பக்கம்.
மறுநாள் ஒரு பத்திரிகை அந்தப் புடைப்புக்கு
அம்புக்குறிகள் போட்டு விளக்கம் எழுதியது:
பின் இறக்கைக்கு ஒரு சுழலை ஊட்டுகிறதாம்.
ஆமாம், இல்லை எதுவும் சொல்லக்கூடாது என்று
மேலிடத்திலிருந்து உத்தரவு.
சொல்ல என்ன இருந்தது,
ஒரு தவறான முகவரியைத் தவிர?

மூன்றாம் பந்தயத்தில்
நீலக் காருக்கும் இடப்பக்கம் ஒரு புடைப்பு.
ஐந்தாவதில் பச்சைக்கும்.
பச்சைக்காரர்களின் டர்போ வலப்பக்கம்.
ப்ரோதரோ சிரித்துச் சிரித்துக்
கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

தகுதிச் சுற்றில் பச்சைக் கார்
தன் பழைய நேரத்தைவிட
நொடியின் நூறில் ஒன்பது பங்கு முந்தியது.

சிரிப்பு நின்றது.

இப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, சுரங்கத்தில் இருக்கிறேன்.
மாதிரியின் இடப்பக்கத்தில்
பச்சைக்காரர்களின் புடைப்பைப் புகைப்படம் பார்த்துச்
செய்து ஒட்டியிருக்கிறேன்.
நம்முடையதைவிடச் சற்றே தட்டை,
முனை கொஞ்சம் கீழே.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனே
விசிறியைத் திருப்பப் போகிறாள்.