ஒரு மில்லிமீட்டர்

எஸ்கெலில் பல் செட்டு செய்து பிழைக்கிறவள் நான்.
கடை அடைத்ததும்
அதே மெழுகுக் கத்தி, அதே விளக்கு;
மேசையில் மட்டும் வாய்க்குப் பதில்
பத்தில் ஒன்றாய்ச் சுருங்கிய ஒரு ஃபோர்ட் பிக்கப்.

எதிர்வீட்டு எவரிஸ்தோ அந்திலெயோவின் வண்டி அது.
வெள்ளை உடம்பு, இடக்கதவு மட்டும் பச்சை:
பழைய கதவைத் தெக்கா சாலையில்
காற்று பின்னுக்கு மடித்துவிட்டது, கீலோடு.
முகப்பு விளக்கின் வளையம் வேலிக்கம்பியால் கட்டியது.
அளவெடுக்கலாமா என்று அவரிடம் கேட்கவில்லை.
அவர் பேசமாட்டார். அவர் நாய் பேசும்.
மத்தியானம் அவர் தூங்கும் இரண்டு மணி நேரம்
நாய்க்கு எலும்பு, எனக்கு டேப்பும் நோட்டும்.

ஒரு குளிர்காலம் போயிற்று.
பிளாஸ்டிக் தகட்டைத் தேய்த்துத் தேய்த்து
வங்கி இயந்திரம் என் விரல்ரேகையை
யாருடையதோ என்று தள்ளிவிட்டது.
பின்விளக்குக்கு ஈறு நிற அக்ரிலிக்,
அதன்மேல் இரண்டு பூச்சு நகச்சாயம்.
இருக்கைக்கு என் கையுறையின் உள்ரோமம்; அவர் இருக்கையில்
முழு ஆட்டுத்தோலே கிடக்கிறது.
அச்சுகள் சீனாவிலிருந்து எட்டு வாரம் தாமதமாய்,
சுங்கத்தில் யாரோ பிரித்து மூடிய பெட்டியில்.
கதவுக்கு மட்டும் ஆறு டப்பா பெயிண்ட் பாழ்.
வெறும் பச்சையா அது?
வெயில் தின்று மிச்சம் வைத்த பச்சை.

கடைசித் திருகையும் முடுக்கிக்
கண்ணாடித் தட்டில் நிறுத்தினேன்.
பின்னால், இடப்பக்கம்,
ஒரு மில்லிமீட்டர் இறக்கம்.

நினைத்துப் பாருங்கள்.
கடித்த மைத்தாளில் முடியளவு தடிப்பைக் கண்டுபிடிக்கிறவள்.
சனிக்கிழமை இரவு முழுக்க
பட்டைகளைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன்.
கண்ணாடித் தட்டைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு மேசையை, பிறகு வீட்டை.
விடியப்போகையில் நோட்டைப் புரட்டினால்
போன வாரத்துக் கடைசி அளவு, என் கையெழுத்தில்:
டயரின் உச்சியிலிருந்து வளைவு வரை
வலம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். இடம் இருபத்தொன்று.
எழுதியவள் நான். கவனிக்காதவளும் நான்.

சின்னது சரியாகத்தான் இருக்கிறது.
பெரியது சாய்கிறது.

எதிரே கம்பளி மூட்டை ஏற்றித்
தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார் எவரிஸ்தோ, மலைப்பாதைக்கு.
கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வராது; காற்று வேறு.
ரிமோட்டை எடுத்தேன்.
சரளையில் குலுங்கி, வாய்க்காலில் இறங்கி ஏறி,
குரைக்கிற நாயின் கால்களுக்கிடையே நுழைந்து
அவர் பூட்ஸுக்கு முன்னால் போய் நின்றது அவர் வண்டி.

குந்தினார். நெடுநேரம் பார்த்தார்.
"கதவை ஏன் இவ்வளவு அசிங்கமாகச் செய்திருக்கிறாய், எலுனெத்?"
"அது அப்படித்தான் இருக்கிறது."
திரும்பித் தன் கதவைப் பார்த்தார்.
"சரி."

அப்புறம்தான் மில்லிமீட்டரைச் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன். டார்ச்சோடு
மல்லாந்து உள்ளே போனார்.
வில் அடுக்கின் தாய்ப்பட்டையில்,
அத்தனை துருவுக்கு நடுவே
புதிதாய் மின்னும் ஒரு கோடு.
வெளியே முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு தொப்பி, பிறகு அவர்.

மூட்டைகளை ஒவ்வொன்றாய் இறக்கினோம்.

இப்போது அவர் வண்டி நிமிர்ந்து நிற்கிறது,
அளவு தப்பியது என்னுடையது.
ஒரு சின்ன வாஷர் போதும் திருத்த.
இன்னும் திருத்தவில்லை.

போன ஞாயிறு, ஆற்றுப் பாறைகளுக்கு வந்தார்.
அந்தத் தடித்த விரல்களால் ரிமோட்டை
முட்டை போலப் பிடித்துக்கொண்டு
மூன்று முறை கவிழ்த்தார்.
நான்காம் முறை ஏறியது; நாய்க்கே பெருமை.
கிளம்பும்போது சுற்றுமுற்றும் பார்த்து
வாயைத் திறந்து, கீழே வலப்பக்கம் தொட்டுக் காட்டினார்:
"இதுவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை நான் வாய் பார்ப்பதில்லை என்றேன்.
பார்த்தேன்.