மானி வாசிப்பவன்

பதினாறு வருஷம்
மற்றவர்களின் வளவுகளுக்குள் குனிந்தவன் நான்.
உவர்மலையில் எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எது குரைப்பதோடு சரி,
எந்தத் தண்ணீர் மானியின் மூடிக்குக் கீழே தேள்,
எல்லாம் தெரியும்.
என் வளவு தெரியாது.

மடத்தடிச் சந்தியில் லொறி திரும்பியது.
நான் திரும்பவில்லை.
தொடைக்குள் ஒரு தகடு, எட்டு ஆணி.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள் பஸ்மிலா.
முழங்காலில் பிளாஸ்டிக் பாகைமானியை வைத்து
அறுபத்திரண்டு என்பாள், கொப்பியில் எழுதுவாள்.
அடுத்த கிழமை அறுபத்தைந்து.
இலக்கம் கூடக் கூட அவளுக்குச் சந்தோஷம்.
என் தொழிலில் இலக்கம் கூடினால்
ஆட்கள் ஏசுவார்கள்.

"வெளியில நடங்க அண்ணன்,
வீட்டுச் சீமெந்து உங்கள ஏமாத்தும்."

பின்கதவைத் திறந்தேன்.
கச்சான் காற்று மாதக்கணக்காய் அடித்து
செவ்வரத்தை வெறும் குச்சி.
நாயுருவி மட்டும் என்னை மறக்காமல்
சாரத்தைப் பிடித்துக்கொண்டது.
தவமலர் கட்டாருக்குப் போகமுன் கட்டிய கத்தரிப் பாத்தியில்
வரம்புதான் மிச்சம்.

வோக்கரின் நாலு காலும் நாலு பக்கம் இழுக்க
அன்று ஏழு அடி.
மறுநாள் பதினொன்று.
பதினொன்றில் நின்றால் தெரிகிறது:
காய்ந்ததற்கு நடுவே
ஒரு பாய் விரித்த அளவு பச்சை.
யாரும் வைக்காத பப்பாசி, இடுப்பளவு.
அதன் காலடியில் பொன்னாங்காணி,
ஈர மண்,
மண்ணில் மான் குளம்புகள்.
நான் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்த இரவுகளில்
கோட்டைப் பக்கத்து மான்கள்
மதில் உடைப்பால் வந்து
சாப்பிட்டுப் போயிருக்கின்றன.

ஈரம் எங்கிருந்து?

வீட்டுக் குழாய்கள் அத்தனையும் பூட்டிவிட்டு
புல்லுக்குள் என் மானியின் மூடியைத் தேடினேன்.
குனியாமல் வாசிக்க முடியாது.
குனிந்தேன்.
அறுபத்தைந்து.
எழுபது.
தகடு ஏதோ சொன்னது, கேட்கவில்லை.
எச்சில் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன்.
உள்ளே சிவப்புச் சில்லு
ஆறுதலாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

கசிவு.
எத்தனை வீட்டுக்கு எழுதிக்கொடுத்திருப்பேன் இந்தச் சொல்லை,
கீழே கோடிட்டு,
உடனடியாகத் திருத்தவும் என்று.

எழும்ப வேண்டுமே.
பப்பாசித் தண்டை நம்பேலாது.
தேசிக் கொப்பைப் பிடித்தேன். முள்ளு.
விட்டால் விழுவேன்.
விடவில்லை.

இரவு தவமலர் கட்டாரிலிருந்து:
"இப்ப எத்தினை?"
முள்ளுக் கீறிய உள்ளங்கையில்
பேனையால் எழுதியிருந்ததை வாசித்தேன்:
சைபர், சைபர், நாலு, ஒன்று, ஏழு.
"என்ன விசர்க்கதை இது?"

பைப் பொருத்தும் மரியசீலனுக்குச் சொல்ல வேண்டும்.
திங்கட்கிழமை சொல்லலாம்.
அல்லது பப்பாசி பூத்து
ஆணா பெண்ணா என்று
தெரிந்த பிறகு.