அரை அங்குலம்

இராசகுலம் அண்ணை முதலில் காட்டியது வெடிப்பை அல்ல,
கலண்டரை.
மல்லாவிப் புடைவைக்கடை கொடுத்தது, போன வருடத்தது,
இன்னும் சித்திரையிலேயே நிற்கிறது.
அதைத் தூக்கினார்.

யன்னல் மூலையில் தொடங்கி
கல்லுக் கல்லாய்ப் படியிறங்கி
அத்திவாரம் மட்டும் போயிருந்தது.
ஐந்து ரூபாய்க் குற்றியை நுழைத்தார்.
குற்றி நின்றது.

வெடிப்பு நெடுகப் பென்சில் கோடுகள்,
தவமலர் அக்காவின் சாய்ந்த எழுத்து:
பங்குனி, இதுவரை. வைகாசி, இதுவரை.
ஆவணியில் கோடு வளைந்திருக்கிறது.
ஐப்பசிக்குப் பிறகு ஒன்றுமில்லை.
"மழை வந்தால் மூடுது பிள்ளை. பேய் மாதிரி."

பேயில்லை, களி.
ஆடியில் சுருங்கி, மார்கழியில் ஊதி,
மேலே இருக்கிற எல்லாவற்றையும்
தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற குளத்துக் களி.
எடுத்த இடத்தில்தான் வைக்கும் என்றில்லை.

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம்.
மண்ணில் பழி போட்டால் மண் மறுத்துப் பேசாது.
ஆனால் மற்றச் சுவரில்
பூச்சு முழுக்க மயிரிழை மயிரிழையாய்,
வற்றிய வாய்க்காலின் அடிபோல.
அது மண்ணின் வேலையில்லை.
என்னுடையது.

அந்த வருடம் வீட்டுத்திட்டக் காசு கட்டங் கட்டமாய் வந்தது.
லிண்டில் மட்டத்தைப் படமெடுத்தால்தான் அடுத்தது.
செவ்வாய் அரிந்த கல்லை வெள்ளி வைத்தோம்.
நகத்தால் கீறினால் மணல் கொட்டும்.
கீறியது நான். கொட்டியதைப் பார்த்ததும் நான்.
பூச்சை ஏழு நாள் நனைக்கவேணும்;
பவுசர் வந்தது இரண்டு தரம்.
கிடாரம் நிரம்பியதும் தவமலர் அக்காவின் கண் என் மேல்.
கடைசிப் பெடியனுக்கு அப்போது எட்டு மாதம்.
சுவருக்குத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னேன்.
அண்ணை குற்றியை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.
"தெரியும்," என்றார்.
"எனக்கும் நகம் இருக்கு."

இப்போது இன்னோர் அறை.
பழைய சுவரோடு ஒட்டிக் கட்டச் சொல்கிறார்.
அரை அங்குலம் விடவேணும் என்கிறேன்,
நிலத்திலிருந்து கூரை மட்டும், நேராக.
"காசையும் தந்து ஓட்டையும் வாங்கிறதோ?"
பழையது இந்த மண்ணோடு இழுபட்டுப் பழகிவிட்டது அண்ணை,
புதியது இனித்தான் பழகும்.
சேர்த்துக் கட்டினால் ஒன்று மற்றதைக் கிழிக்கும்.
"பல்லி வரும்."
வரும்.
"எறும்பு."
அதுவும்.
"சனம் என்ன சொல்லும்?"
மேசன் பொம்பிளை, அளவு பிழைச்சுப்போச்சு என்று சொல்லும்.
ஏற்கெனவே சொன்னதுதான்.

முல்லைத்தீவு மீன்காரன் எறிந்த ரெஜிபோம் பெட்டியைப்
பட்டி பட்டியாய் நறுக்கி
இரண்டு சுவருக்கும் நடுவில் நிறுத்தினேன்.
சூடை மீன் வாசம் இன்னும் போகவில்லை.
பூச்சு ஈரமாய் இருக்கும்போதே
அந்த நேரில் கரண்டியால் வெட்டிவிட்டேன்.
இந்தமுறை பன்னிரண்டு நாள் நனைத்தோம்.
பழைய வெடிப்பைத் தொடவில்லை,
மாரி முடியட்டும்.

சாமான்களைச் சைக்கிளில் கட்டும்போது பார்த்தேன்,
கலண்டர் பழைய ஆணியில் இல்லை.
நான் விட்ட கோட்டின் மேல் தொங்குகிறது.
அதற்குக் கீழே, சாய்ந்த எழுத்தில்,
இன்றைய திகதி.
பென்சில் யன்னல் கட்டில் கிடந்தது,
புதிதாய்ச் சீவி.