பிடியரிசிக் கணக்கு

சனிக்கிழமை. ஐஸ்வாலில் மூன்று நாளாய் மழை.
எங்கள் வட்டாரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில்
நூற்றுப் பதினொன்றின் பிடியரிசி வந்தாயிற்று.
ஒன்று பாக்கி.
வேளைதோறும் உலையில் இடுமுன்
கர்த்தருக்கென்று ஒரு கை அள்ளி வைக்கிறோம்;
அதை எடைபோட்டு, விற்று, ரசீது எழுதி
ஊழியத்துக்கு அனுப்புகிறவள் நான்.
பதினொரு வருடமாய்.
தராசு முள் எங்கே நடுங்கி நிற்கும் என்று
மூட்டையைத் தூக்கும்போதே சொல்லிவிடுவேன்.

அது ஒன்றுதானா?
செவ்வாய் மாதர் கூட்டம், வியாழன் பாடகர் பயிற்சி,
வெள்ளி உபவாசம்
(முடிந்ததும் தேநீர்; சர்க்கரைக் கணக்கும் என்னிடம்தான்),
ஞாயிறு மூன்று வேளை ஆராதனை.
இதற்கு நடுவில் சபையின் ஜூபிலி.
நாற்காலி எழுநூறு. பன்றி ஆறு.
பந்தல்காரர் முன்பணம் கேட்டு நாலு முறை அழைத்துவிட்டார்.
முழங்காலிட்டுக் கண்ணை மூடினால்
தெரிவது பட்டியல்.

மேடைப் பதாகைக்கு அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது.
நித்திய ஜீவன் என்று, ஆள் உயர எழுத்தில்.
எங்கள் மொழியிலும் அது இரண்டு சொல்;
முதல் சொல்லில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான் ருவலா.
சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினேன்.
திரும்பி வந்தது. எழுத்து சரி, நிறம் தவறு.
மறுபடியும். நிறம் சரி, இடைவெளி அகலம்.
ஒன்பது முறை பார்த்திருக்கிறேன் அந்தச் சொற்களை.
ஒரு முறையும் வாசிக்கவில்லை.

நாலு மணிக்குத் தெருமுனை ஒலிபெருக்கி கரகரத்தது.
தார்சவ்னா.
சுமோ ஓட்டுகிறவர், நாற்பத்து மூன்று வயது,
ஆராதனையில் முரசு அடிப்பவர்.
மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம்.
எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்:
ஜூபிலி முரசுக்கு இனி யாரைப் பிடிப்பது?

கெண்டி நிறையத் தேநீரோடு
கல்லறைச் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினேன்.
இளைஞர்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
தலை மட்டும் தெரியும் ஆழத்தில் ரின்கிமா;
மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கையை மேலே நீட்டினான்.
நான் குனிந்து கோப்பையைக் கீழே நீட்டினேன்.
"பி சியாம்புயி, ஜூபிலிக்கு நாங்கள்
எத்தனை மணிக்கு வரவேண்டும்?"
குழிக்குள் நின்றுகொண்டு கேட்டான்.
சாதாரணமாகத்தான் கேட்டான்.
காலை ஏழு. தூக்கத்திலும் சொல்வேன்.
வாய் எழவில்லை.
அவன் கோப்பையின் ஆவி
குழி விளிம்பு தாண்டி என் முகத்துக்கு வந்தது.

சாவு வீட்டில் அக்கரையைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.
நூறு தடவை பாடிய பாட்டு;
நூறு தடவையும் சுருதியை மட்டும் காத்தேன்.
இன்றைக்கு இரண்டு இடத்தில் தப்பியது. தப்பட்டும்.
அங்கே போய்ச் சேர்கிறவர்கள் உண்டு என்பது
ஏதோ புதுச் செய்தி போல
தொண்டையில் வந்து அடைத்தது.

புறப்படும்போது ரோகிமி உள்ளே போய்
ஒரு பால்மாவு டப்பாவோடு வந்தாள்.
"இந்த வாரத்துது. கொடுக்க நேரமாகிவிட்டது.
மேலே கிடப்பது காலையில் அவர் அள்ளி வைத்தது."

அந்தப் பாக்கி வீடு.

இரவு மேசைமேல் டப்பாவைத் திறந்து வைத்தேன்.
மேலே ஒரு குவியல், பெரிய கையின் பிடி.
முரசுக் குச்சி பிடித்த விரல்களின் பிடி.
தான் பார்க்கப்போகாத எவருக்கோ,
தன் சோற்றில் குறைத்து,
எண்ணாமல், எழுதாமல்,
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே
அள்ளிப் போட்டிருப்பார்.

தராசு பக்கத்திலேயே இருந்தது. நிறுக்கவில்லை.
பேரேட்டில் அந்த வரி மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது.
பதாகையின் பத்தாவது மாதிரியை எடுத்து
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
உரக்க வாசித்தேன்.
முதல் சொல்.
வெளியே மழை. சற்று நேரம்.
இரண்டாவது சொல்.

திங்களன்று நாற்காலிகள் வரும்.
இறக்கி எண்ண வேண்டும்.
எண்ணுவேன்.