பச்சை பூசிய வண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது
அது மஞ்சளாகத்தான் இருந்தது.
குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு குழந்தைகள் கையசைத்தது
வண்டிக்கு. எனக்கில்லை.

சங்ககிரியில் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்கள்:
இரும்புக்கை சுழலும் வட்டத்துக்குள் ஆள் வரக்கூடாது.
வருகிறவன் கண்ணில்
அவனுக்கு முன்னால் வண்டி பட வேண்டும்.
மண் சிவப்பு, இலை பச்சை, மேகம் வெள்ளை;
இதில் எதோடும் ஒட்டாத ஒன்றைப் பூசு.
அதற்குத்தான் இந்த நிறம். அழகுக்கு அல்ல.

கட்டபெட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவில்
முதலாளி ஜெயசீலன் எதிர்மலையைக் காட்டினார்.
"தாசில்தார் ஜீப் அங்க நின்னா
இங்க என்ன தெரியும்?"
கொழுந்துச் சாக்கு தெரியாது.
பறிக்கும் பெண்கள் தெரியமாட்டார்கள்.
நாங்கள் தெரிவோம், கம்பளியில் விழுந்த மாம்பழம் மாதிரி.
பெர்மிட் இல்லை, அது எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எனாமல் டப்பாக்கள் வந்தன.
தேயிலைப் பச்சை வேண்டும் என்றாராம்.
கொழுந்தா முற்றலா என்று கேட்டானாம் கடைக்காரன்.
நானும் ஹெல்பர் பெள்ளியும் பூசினோம்.
முன்பக்கெட், என்ஜின் மூடி, கேபின்.
பின்னால் இருக்கும் கைக்கு வரும்போது
டப்பா காலி.
"கை தானே, மடக்கி வெச்சுக்க" என்றார்.
லைட் போடாதே என்றார்.
ஹாரன் ஒயரை அவரே பிடுங்கினார்.

எட்டு நாள்.
மலை குறைந்தது, ஒருவரும் வரவில்லை.

ஒன்பதாவது நாள் பெள்ளி "மஞ்சு" என்றான்.
பனிமூட்டத்துக்கு அவன் வீட்டுச் சொல் அது.
ஒரேயொரு எழுத்து குறைந்த மஞ்சள்
என்று நினைத்துச் சிரித்தேன்.
பக்கெட் நிறைய மண் தூக்கி
முன்னால் நகர்த்துகிறேன்,
தகரத்தில் யாரோ தட்டும் சத்தம்.

சாக்கைத் தலையில் போட்டபடி சிவனம்மாள்.
டயருக்கும் அவள் காலுக்கும் நடுவே
ஒரு தேயிலைத் தூர்.
"வண்டின்னு தெரியலப்பா" என்றாள்.
"செடின்னு நெனச்சேன்."
திட்டியிருக்கலாம்.
கீழே விழுந்த கொழுந்தை
ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அன்றிரவு பெய்தது மழையில்லை, கொட்டல்.
ஒரு மணிக்கு போன்.
வருவாய் ஆய்வாளர் குரல் தூக்கமில்லாமல் இருந்தது:
"ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு,
ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிக்குது.
உங்க பச்சை வண்டிய எடுத்துட்டு வாங்க."

பச்சை என்று
நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

திருப்ப இடமில்லாத பாதை. பின்னோக்கியே ஏறினேன்.
இருட்டு, மழை, மேலே மஞ்சு.
வளைவில் நின்ற போலீஸ்காரர் விசிலடித்து
ஒரு லாரியை நிறுத்தினார்.
அவர் பார்த்தது வண்டியை அல்லவாம்,
தனியாக ஊர்ந்து வந்த ஒரு மஞ்சள் கையை.
"பேய்னு நெனச்சேன்" என்றார், பிறகு டீ குடிக்கும்போது.

விடியும்போது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.
பெள்ளி துணியைத் தின்னரில் நனைத்து
முன்சக்கரத்துக்கு மேலே தேய்க்க ஆரம்பித்தான்,
அவள் தட்டிய இடத்தில்.
"முதலாளி கேட்டா?"
"மழைல போயிருச்சுன்னு சொல்லுண்ணா.
மட்டமான பெயிண்டு."

இன்னொரு துணி இருக்கிறதா என்று கேட்டேன்.