நியாய வாடகை

சுற்றறிக்கை திங்கட்கிழமை வந்தது.
மாவட்டத்தின் பிரிவுகள் வாரியாக, அறைகள் வாரியாக
நியாயமான மாத வாடகை எவ்வளவென்று
வெள்ளிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.
நியாயத்துக்கென்று தனி நிரல் இல்லை.
அதைத் தலைப்பிலேயே அச்சடித்து
முடித்திருந்தார்கள்.

நுவரெலியாவை முதலில் எடுத்தேன்.
அங்கே இரண்டறை வீட்டுக்கு
மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒரு விலை,
ஏப்ரல் சீசனில் இரண்டு இரவுக்கு அதே விலை.
எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்
எந்த மாதத்திலும் யாரும் கொடுத்திராத
ஒரு தொகை வருகிறது.
அதையே எழுதும்படி சொன்னார் கணக்காளர்.

கொத்மலையிலிருந்து கிராம அலுவலர் பேசினார்,
கோட்டில் பாதி மழை.
"மண் சரிஞ்ச மேட்டுக்குக் கீழ மூணு வீடு, மிஸ்.
ஆக்கள் போயிட்டாங்க. சுவர் நிக்குது.
வாடகையைக் குறைச்சுப் போடவா
வீடே இல்லைன்னு போடவா?"
படிவத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.
"அப்புறம் சொல்றேன்" என்றேன்.
இன்னும் சொல்லவில்லை.

ஹட்டனுக்கு வந்தபோது பேனை நின்றது.
நான் ஹட்டனில் குடியிருக்கிறேன்.
ஜவாத் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே
இரண்டு அறை, பெயின்ட் மணம்,
ஐந்தரைக்கு ரயில் போனால் அதிரும் ஒரு ஜன்னல்.
பதினேழாயிரம், ஆறு மாத முற்பணம்.
சோலை வரி கட்டிய ரசீதைக் காட்டித்தான்
போன வருடம் இரண்டாயிரம் கூட்டினார்.
சோலை என்று பார்த்தால்
பின்கட்டில் ஒரு பழைய வாளியில் புதினா.
பதினேழு என்று நான் எழுதினால்
பதினேழு நியாயமாகிவிடும்.
பன்னிரண்டு என்று எழுதினால்
என் கை எனக்காகவே எழுதியதாகிவிடும்.
பதினேழே எழுதினேன்.

கடைசி வரி: லயம்.
அளவு நாடாவோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்கினேன்.
ஏழாம் நம்பர் காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு,
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள் குணவதி.
"வாடகையா? யாருக்குக் குடுக்கிறது?" என்று சிரித்தாள்.
பிறகு முட்டியைத் தடவிக்கொண்டு சொன்னாள்:
"மாமிக்குப் பென்சன் ஆயிருச்சு.
இவரு கொழும்புல, கடையில நிக்கிறாரு.
காம்பரா நிலைக்கணும்னா
வீட்டுக்கு ஒரு ஆளு பேர் விழணும்.
விழுந்துக்கிட்டு இருக்கு, மிஸ், என் பேரு."

கேத்தலுக்கு அடியில்
தட்டாக மடித்த ஒரு கடிதம்.
போன மாதம் பதினொரு நாள் காய்ச்சல்,
பன்னிரண்டாம் நாள் அது வந்திருக்கிறது.
மூன்று மொழியிலும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.
கேத்தலின் வட்டம் ஈரமாகப் பதிந்திருந்தது,
கையொப்பத்துக்கு மேலே, முத்திரை மாதிரி.

பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மாதம் பதினெட்டுப் பேர், இரண்டு முட்டி,
நூற்றிருபது சதுர அடி.
எதை எதால் வகுப்பது?
"சம்பளம் குடுக்கிறாங்கதானே" என்றார் கணக்காளர்.
கொடுக்கிறார்கள்தான்.
நானும் சம்பளம் வாங்குகிறேன்.
எனக்குக் காய்ச்சல் வந்தால்
ஜவாத் நானா பிளேன்டீ கொடுத்தனுப்புவார்,
கடிதம் அனுப்பமாட்டார்.

வெள்ளி மாலை கணினியில் ஏற்றினேன்.
அந்தக் கட்டம் எழுத்தை ஏற்கவில்லை.
கோட்டை ஏற்கவில்லை.
வெறுமையாக விட்டால் சிவப்பாகியது.
சைபரை உடனே ஏற்றுக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து
அட்டவணையின் போட்டோப் பிரதியோடு
படியேறி வந்தார் ஜவாத் நானா.
மேலிடத்தில் யாரோ முழு எண்ணாக்கி
ஹட்டனை இருபதாயிரம் ஆக்கியிருந்தார்கள்.
"நான் கேக்கல்ல மிஸ். கவர்மென்ட் சொல்லுது,"
என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.
கீழே என் பெயர், பதவி, திகதி.

போகத் திரும்பியவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கடைசி வரியில் விரலை வைத்தார்.
"இந்தச் சைபர் எந்தப் பக்கம்?
அங்க ரூம் ஏதும் கிடைக்குமா?"