விழுந்த பென்சில்

பரணில் குனிந்த ரக்னா த்வெய்ட்
சுவரின் வாய்க்குள் பென்சிலைத் தவறவிட்டாள்.
அது நிற்கவே இல்லை.
இரண்டு மாடி இறங்கி
நிலவறையில் போய்
'டக்' என்றது.

டுலூத்தில், ஏரியைப் பார்த்த வீடு.
அடிக்கட்டை முதல் கூரைவரை
ஒரே நெட்டாய் நிற்கும் பைன் சட்டங்கள்.
அதற்கு முன் கட்டியவர்கள்
முழு மரங்களைப் படுக்கவைத்தார்கள்,
தூக்க எட்டுப் பேர்.
இதற்கு இரண்டு பேர், ஒரு வாளி ஆணி.

பென்சில் இறங்கிய வழியில்தான்
நெருப்பு ஏறும்.
தெரிந்த பிறகு
மாடிக்கு மாடி சுவரை நிறுத்தினார்கள்.
எத்தனை வீடு எரிந்து தெரிந்ததோ.

துண்டுக்கட்டை வெட்டி
இடைவெளிகளை அடைத்தாள்.
முப்பத்தேழு.
கடைசியை அடிக்குமுன்
நிலவறைக்குப் போனாள்.

அங்கே இரண்டு பென்சில்கள்.
ஒன்று தட்டை,
நுனியில் பல்தடம்.